சேஸித் துருவுக்குப் பெயிண்ட் கடைசி வேலை

கேள்வி: வணக்கம்ங்க. எங்களுக்கு ராசிபுரம் பக்கம். அப்பா 2007-இல் வாங்கின ஆறு சக்கர லாரியை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் பண்ணையிலிருந்து கோழி எரு ஏற்றி மஞ்சள் காட்டுக்கும் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் கொண்டுபோய்ப் போடுவோம். சீசனில் உர மூட்டை, வருடத்துக்கு ஏழெட்டு நடை தூத்துக்குடி உப்பு. எஃப்சிக்காக (தகுதிச் சான்று) வாட்டர் சர்வீஸ் விட்டபோதுதான் பார்த்தேன், பின் சக்கரத்துக்கு மேலே வண்டியின் அடிச்சட்டமான சேஸி அப்பளம் மாதிரி உரிகிறது. இடது பக்கம் பின்பட்டை (ஸ்பிரிங்) பிராக்கெட்டை ஒட்டி, தகடுகளை இறுக்கிப் பிடிக்கிற ஒரு ரிவிட் ஆணியிலிருந்து சிவப்பாக ஒழுகின தடமும் இருக்கிறது. மெக்கானிக் வேஸ்ட் ஆயில் அடி என்கிறார். பெயிண்டர் ரெட் ஆக்சைடும் கருப்பும் போதும் என்கிறார். மச்சான் காருக்கு அடிக்கிற அண்டர்கோட்டிங் அடிக்கச் சொல்கிறான். இன்னொருவர் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், மணலைப் பீய்ச்சித் துரு எடுக்கிற சாண்ட் பிளாஸ்டிங் பண்ணச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வண்டியை விற்க அப்பாவுக்கு மனசில்லை.

பதில்: நாலு பேர் நாலு டப்பாவைக் காட்டியிருக்கிறார்கள் தம்பி, அதில் ஒருத்தராவது வண்டிக்கு அடியில் சாக்கைப் போட்டுப் படுத்துப் பார்த்தாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவன், இருபத்தெட்டு வருடம் ஆகிறது. புது சேஸி மேல் பாடி ஏற்றுவது ஒரு பிழைப்பு என்றால் பழைய வண்டியின் பாடியைப் பிரித்து இறக்குவது இன்னொரு பிழைப்பு, அப்படி இறக்கும்போதுதான் சேஸியின் முதுகு தெரியும், அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன், பெயிண்ட் கடைசி வேலை. அதற்கு முன்னால் மூன்று நாள் வேலை இருக்கிறது, அந்த மூன்று நாளை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை.

முதலில் அந்த ரிவிட். துரு பரவலாகப் படர்ந்திருந்தால் அது சும்மா துரு. ஒரே இடத்திலிருந்து கோடாக வழிந்தால் உள்ளே இரண்டு இரும்பு உரசிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ரிவிட் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் ரிவிட் ஓட்டையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருக்கும். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் அந்த இடுக்கு திறந்து மூடும், தேய்ந்து வரும் இரும்புப் பொடி ஈரத்தோடு சேர்ந்து வெற்றிலைச் சாறு மாதிரி வெளியே வழியும். இதைச் சோதிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். ரிவிட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தின்னர் போட்டுத் துடைத்து வெள்ளை இரும்பு தெரியும்படி தேய்த்துவிடுங்கள். ஆள்காட்டி விரலைப் பாதி ரிவிட் தலையிலும் பாதி தகட்டிலும் படும்படி வைத்துக்கொண்டு, கிளீனரை மறுபக்கம் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து அதிர்ந்தால் ரிவிட் பிடிப்பாக இருக்கிறது, தலை மட்டும் தனியாகத் துள்ளினால் விரலுக்கே தெரிந்துவிடும். விரிசலுக்கு எங்கள் பட்டறையில் இன்றைக்கும் செய்கிற வேலை மண்ணெண்ணெயும் சாக்பீஸும்தான். மண்ணெண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸை அந்த இடத்தில் வெள்ளையாகப் பூசிவிட்டு, சுற்றுப்பக்கம் லேசாகத் தட்டிக்கொண்டே பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் பென்சில் கோடு போட்டது போலத் தெரியும். கோடு வந்துவிட்டால் இந்தக் கடிதத்தின் மீதியை அப்புறம் படிக்கலாம், லோடு ஏற்றாமல் வண்டியைச் சேஸி வேலை தெரிந்த பட்டறைக்குக் காலியாக ஓட்டிப் போங்கள்.

அங்கே போனதும் ஒரு துண்டுத் தகட்டை மேலே வைத்து வெல்டிங் அடித்து அனுப்புகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சேஸியின் இரண்டு பக்கமும் ப போல மடித்த நீளச் சானல் இருக்கிறதே, அதன் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும்தான் லோடின் வளைவைத் தாங்குகின்றன, நடுப் பரப்புக்கு அந்த அளவு பாரம் கிடையாது. அதனால்தான் மடிப்பில் ஓட்டை போடாதே, வெல்டிங் வைக்காதே என்று வண்டிக் கம்பெனிப் புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள். மடிப்பின் குறுக்கே ஒரு வெல்டிங் கோடு விழுந்தால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே கிளம்பும். பிராக்கெட் விட்டுப்போன வண்டிகளை எத்தனையோ இழுத்து வந்திருக்கிறார்கள் எங்களிடம், பழைய வெல்டிங் ஓரத்தில் கிழிந்தவை அதில் நிறைய. தொப்பூர் இறக்கத்தில் அப்படி ஆவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

சரி, ரிவிட் நன்றாக இருக்கிறது, விரிசல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது சுத்தியல். அரைக் கிலோ சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்பக்கம் இன்ஜினுக்குக் கீழே, எப்போதும் ஆயில் கசிந்து கருப்பாக இருக்கும் இடத்தில் முதலில் தட்டுங்கள், கோயில் மணி அளவுக்கு இல்லாவிட்டாலும் கணீர் என்று ஒரு சத்தம் வரும். அதைக் காதில் வாங்கிக்கொண்டு பின்னால் போங்கள். உரிந்த இடத்தில் பொத் பொத் என்று கேட்டால் உள்ளே அடுக்கடுக்காகத் துரு கட்டியிருக்கிறது. அந்த அப்பளத்தையெல்லாம் தட்டி உதிர்த்துவிட்டு, வெர்னியரால் மடிப்பின் தடிமனை அளந்து, முன்பக்கம் நல்ல இடத்தில் அளந்ததோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் நான் பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு உடைமைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவேன், இது என் கணக்கு. பார்வைக்குப் பயங்கரமாக உரிகிற இடம் பல நேரம் அவ்வளவு தேய்ந்திருக்காது, ஏனென்றால் இரும்பு துருவாகும்போது தன்னைப்போல ரெண்டு மூணு மடங்குக்கும் மேலே ஊதிவிடும், ஒரு மில்லிமீட்டர் இரும்பு போனால் கையளவு அப்பளம் உதிரும். அதைப் பார்த்து வெசனப்பட வேண்டாம். வெசனப்பட வேண்டிய இடம் வேறே.

அது இரண்டு தகடு ஒட்டி நிற்கும் இடம். உங்கள் வண்டியில் நீளச் சானலுக்கு உள்ளே இன்னொரு சானல் பலத்துக்காக வைத்து ரிவிட் அடித்திருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் போகும், காற்றும் கொஞ்சம் போகும், வெயில் போகாது. உள்ளே துரு ஊதி ஊதி இரண்டு தகட்டையும் பிரித்துத் தள்ளும், ரிவிட்டுக்கு ரிவிட் நடுவில் தகடு தொப்பை போட்டிருக்கும். வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து சானல் நீளத்துக்கு ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அந்தத் தொப்பை தெரியும். இதே மாதிரி இன்னொரு இடம் சேஸிக்கும் பாடிக்கும் நடுவில் வைக்கிற மரக்கட்டை. மழைத் தண்ணீரும் எருத் தண்ணீரும் குடித்த கட்டை வாரக்கணக்கில் காயாது, ஈரத் துணியைச் சேஸி முதுகில் போர்த்தின மாதிரி. பாடியை இறக்காமல் அதை யாராலும் பார்க்க முடியாது. மூன்றாவது பேட்டரிப் பெட்டிக்குப் பின்பக்கம், ஆசிட் வழிந்த இடம். டீசல் டேங்க் பட்டிக்கு அடியிலும் ஏர் டேங்க் பிராக்கெட்டிலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இப்போது ஏன் வந்தது என்பதற்கு வருகிறேன். நம்ம ஊர் மழை குறைந்த சீமை, கடல் காற்றும் கிடையாது, அப்படியிருந்தும் கடலோரத்து வண்டி மாதிரி அரித்திருக்கிறது என்றால் காரணம் வானத்தில் இல்லை, நீங்கள் ஏற்றுகிற லோடில் இருக்கிறது. சேலம் பக்கத்துக் கஞ்சமலைக் கல்லைச் சுட்டு உருக்கினால் இரும்பு, அந்த இரும்பை ஈரத்திலும் காற்றிலும் விட்டால் திரும்பக் கல்லாகத்தான் பார்க்கும். உப்பு அந்த வேலையை வேகப்படுத்துகிறது. ஐப்பசி மாதம் அடுப்படியில் உப்பு ஜாடி தானாகவே கசகசவென்று நீர் கோத்துக்கொள்கிறது பாருங்கள், காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் உப்பு அப்படித்தான் செய்யும், மழை பெய்யவே தேவையில்லை. சேஸி மடிப்பில் ஒரு கைப்பிடி உப்பு உட்கார்ந்திருந்தால் ராத்திரி முழுக்க அந்த இடம் நனைந்துகொண்டே இருக்கும். பொட்டாஷ் மூட்டை ஏற்றுகிறீர்களே, அதுவும் குளோரைடுதான், உப்புக்குப் பெரியப்பா மகன். கோழி எருவில் உப்பும் ஈரமும் இருப்பது போதாது என்று அம்மோனியா வேறு கிளம்பும், அது இரும்பை விடச் செம்பையும் பித்தளையையும் ஒரு கை பார்க்கும், உங்கள் டெயில் லாம்ப் வயர் நுனி பச்சை கட்டிக்கிடக்கிறதா என்று பாருங்கள்.

இதோடு நாம் செய்கிற புண்ணியம் ஒன்று இருக்கிறது. எரு நாற்றம் போகட்டும் என்று வாட்டர் சர்வீஸில் விட்டுப் போர் தண்ணீரில் கழுவுகிறோம். நம்ம பக்கம் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், கழுவிக் காய்ந்த பிறகு முன் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி நிற்கிறதே, அதே புள்ளி சேஸியின் ஒவ்வொரு குழியிலும் நிற்கும். கழுவ வேண்டாம் என்று சொல்லவில்லை, பிரஷரும் அளவும் போர் தண்ணீரில்தான் கிடைக்கும், அதிலேயே கழுவுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நாலு குடம் எடுத்து, காட்டுக்கு மருந்தடிக்கிற முதுகு டேங்கை நன்றாகக் கழுவிவிட்டு அதில் ஊற்றி, சேஸி நெடுக அடித்துவிடுங்கள். நாலு குடத்துக்கு இவ்வளவு பலன் வேறு எதிலும் வராது.

கழுவுவது என்றால் தண்ணீரைப் பீய்ச்சுவது மட்டும் போதாது. சி சானலின் கீழ் மடிப்பில் சேறும் எருவும் வேப்பிலையும் சேர்ந்து செங்கல் மாதிரி இறுகியிருக்கும், அதை மரக்குச்சியாலோ மழுங்கின உளியாலோ கிளறி எடுத்துவிட்டுத்தான் பீய்ச்ச வேண்டும். பிரஷர் தண்ணீர் மட்டும் விட்டால் மேலே உள்ளது போய் அடியில் உள்ளது நன்றாக ஊறும், அவ்வளவுதான். அப்புறம் சோப்பு ஆயில் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, அலசி, ஒரு நாள் வெயிலில் நிறுத்தி, மறுபடி அலசுங்கள். உப்பு துருக் குழிக்குள் ஒளிந்திருக்கும், ஒரு தடவையில் வராது. போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன், ஒரு அடி நீளத்தை வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்துவிட்டு, துளி நல்ல தண்ணீர் தெளித்து, டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். எங்கேயோ சில குழிகளில் மட்டும் சட்டென்று பழுப்புப் புள்ளி பூத்திருந்தால் உப்பு இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறது, மறுபடி அலசல்தான்.

இனி அந்த நாலு பேர்.

மெக்கானிக் சொன்ன வேஸ்ட் ஆயில். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் அதைத் தலைமுறையாக அடிக்கிறார்கள், ஒன்றுமே பலன் இல்லை என்று சொன்னால் பொய். எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை தண்ணீர் ஒட்டாது. ஆனால் இன்ஜினில் ஓடிக் களைத்த ஆயிலில் கரியும் அமிலமும் இருக்கும், அது ரப்பர் புஷ்ஷையும் ஏர் ஹோஸையும் ஊத வைக்கும், பிரேக் டிரம் பக்கம் போனால் லைனிங் போச்சு, மண் புழுதி ஒட்டி ஒட்டிக் களிம்பாகி அதற்குள்ளேயே ஈரம் நிற்கும், முதல் மழையில் பாதி உங்கள் களத்து மண்ணில் வடியும். கழிவு எண்ணெயை அபாயக் கழிவு என்றுதான் சட்டமும் சொல்கிறது. எனக்கு இதில் பெரிய குறை இன்னொன்று, ஒரு தடவை அடித்துவிட்டால் அப்புறம் எந்தப் பெயிண்டும் அந்த இரும்பில் ஒட்டாது, பின்னாடி மனசு மாறினால் உங்களுக்குத்தான் இரட்டை வேலை.

பெயிண்டர் சொன்ன ரெட் ஆக்சைடு, கருப்பு. இதற்கு எங்கள் ஊரில் எஃப்சி பெயிண்ட் என்று பேர். 8 வருடம் தாண்டின வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி, வருடா வருடம் ஒரு கருப்பு. ரெட் ஆக்சைடு என்பதே இரும்பு ஆக்சைடுப் பொடிதான், துருவுக்குச் சொந்தக்காரன், அது தனியாக ஒன்றையும் காப்பாற்றாது. ஐஎஸ் 2074 என்று தர எண் டப்பாவில் போட்ட பிரைமரில் (அடிப்பூச்சு) ஜிங்க் குரோம் சேர்ந்திருக்கும், அந்தச் சரக்குதான் கொஞ்சம் வேலை செய்யும். அது உடம்புக்கு ஆகாத சரக்கும்கூட, பழைய பிரைமரைத் தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பட்டறை வைத்த புதிதில் நானும் இதே எஃப்சி பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறேன். நாளைக்கு எஃப்சி, இன்றைக்கு ராத்திரி பெயிண்ட், வண்டியைத் தட்டிப் பார்க்க நேரமில்லை, சேற்று மேலேயே அடித்தேன், தள்ளி நின்று பார்த்தால் புது வண்டி. மூன்று மாதம் கழித்து அதே வண்டி வந்தது, விரல் நகத்தை வைத்து இழுத்தேன், ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்ட் பாம்புச் சட்டை மாதிரி கழன்று வந்தது, பின்பக்கம் முழுக்கச் செம்மண் ஒட்டியிருந்தது. உடைமைக்காரர் ஒன்றும் திட்டவில்லை, சிரித்தார், அதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

மச்சான் சொன்ன அண்டர்கோட்டிங் புது காருக்குச் சரி. தார் கலந்த அந்தத் தடிப் பூச்சு துரு மேலே போனால் போர்வை போர்த்தின கதைதான், நம்ம வெயிலில் ஒரு வருடத்தில் வெடித்து, வெடிப்பில் தண்ணீர் இறங்கி, வெளியே வழவழவென்றும் உள்ளே பொடிப் பொடியாகவும் ஆகிவிடும். அதைவிட மோசம், அடுத்த வருடம் விரிசல் வந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. லாரிச் சேஸியைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும்.

சாண்ட் பிளாஸ்டிங் உண்மையிலேயே நல்ல வேலை, ஆனால் பாடியை இறக்கி, வயரிங், ஏர் லைன், டேங்க் எல்லாம் கழற்றி, முடிந்தால் ஆக்சிலையும் உருட்டிவிட்டு வெறும் சேஸியாகக் கொண்டுபோனால்தான். பாடியோடு நிறுத்திப் பீய்ச்சினால் மணல் வீல் பேரிங்கிலும் பிரேக்கிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், துரு இருக்கிற இடுக்குக்கு மட்டும் போகாது. கொண்டுபோனால் ஆற்று மணலில் அடிக்கிற ஆளிடம் விடாதீர்கள், அந்தத் தூசி அடிக்கிறவன் நுரையீரலைக் கெடுத்துவிடும், காப்பர் ஸ்லாக்கோ ஸ்டீல் கிரிட்டோ போட்டு அடிக்கிற இடமாகப் பாருங்கள். அடித்த அன்றைக்கே பிரைமர் போட்டுவிட வேண்டும். இப்படி வெள்ளையாக வந்த இரும்புக்குத்தான் ஜிங்க் (துத்தநாக) பிரைமர், ஜிங்க் துகள் நேராக இரும்பைத் தொட்டால்தான் இரும்புக்குப் பதில் அது தன்னைக் கொடுக்கும், நடுவில் துரு இருந்தால் அது விலை உயர்ந்த சாம்பல் நிறப் பெயிண்ட், அவ்வளவுதான். உங்கள் வண்டிக்கு இது இப்போது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. மரக்கட்டையோ பாடியின் குறுக்குச் சட்டமோ எப்படியும் மாற்ற வேண்டிய நிலை வந்து பாடி இறங்குகிற அன்றைக்கு யோசிக்கலாம்.

நானாக இருந்தால் இந்த வண்டிக்கு என்ன செய்வேன் என்றால், சேறு எடுத்து, உப்பு அலசி, காயவிட்டு, துருவைச் சுத்தியலாலும் சுரண்டியாலும் கையாலேயே உதிர்ப்பேன். கிரைண்டரில் கப் பிரஷ் போட்டு ஓட்டினால் பளபளவென்று வரும், ஏமாந்துவிடாதீர்கள், கம்பி துருவையே மெருகு போட்டிருக்கும். கப் பிரஷுக்கு அப்புறம் உப்புத்தாள் இதழ் அடுக்கின ஃபிளாப் டிஸ்க்கை லேசாக ஓட்டிக் கொஞ்சம் சொரசொரப்பு கொண்டுவர வேண்டும், அழுத்தி ஓட்டி இரும்பைத் தின்றுவிடாமல். வலது பக்கச் சானலில் முன் சக்கரத்துப் பக்கம் சேஸி நம்பர் குத்தியிருக்கும், அந்த இடத்துக்குக் கிரைண்டர் போகவே கூடாது. வேலைக்கு முன்னால் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பதிவு எடுத்து வைத்துக்கொண்டு, நம்பர் மேல் கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிடுங்கள். நம்பர் மங்கிப்போனால் ஆர்டிஓ ஆபீஸில் வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிக்க நடக்கிற நடையில் இன்னொரு சேஸி வாங்கிவிடலாம்.

குழிக்குள் மிஞ்சின துருவுக்குக் கன்வர்ட்டர் என்று ஒரு திரவம் விற்கிறது, டானிக் அமிலம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் பிரஷால் தடவினதும் பழுப்பு மெல்ல நீலக் கருப்பாக மாறும். கடுக்காய்ச் சாறு பட்ட அரிவாள் கருத்துப்போகுமே, அதே சங்கதிதான். அது இறுகிய மெல்லிய துருவுக்கு மட்டும், உதிர்கிற அப்பளத்தின் மேல் தடவினால் வீண். அதற்கு மேல் எபாக்ஸி மாஸ்டிக் பெயிண்ட் என்று கேட்டு வாங்குங்கள், கையால் சுத்தம் செய்த இரும்பில் கொஞ்சம் துரு மிச்சம் இருந்தாலும் பொறுத்துக்கொள்கிற ஜாதி அது. கன்வர்ட்டர் மேல் அடிக்கலாமா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள், கூடாது என்று போட்டிருந்தால் கன்வர்ட்டரை விட்டுவிடுங்கள், மாஸ்டிக்கை விட வேண்டாம். இரண்டு டப்பாவாக வரும், டப்பாவில் போட்ட அளவுக்கே கலக்க வேண்டும், கண் அளவு ஆகாது. கலந்தால் சில மணி நேரத்தில் இறுகிவிடும், நம்ம சித்திரை வெயிலில் அதற்கும் முன்னாலேயே, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். முதலில் சின்னப் பிரஷை எடுத்து ரிவிட் தலை, மடிப்பின் ஓரம், போல்ட், வெல்டிங் கோடு இதற்கெல்லாம் மட்டும் ஒரு கை தடவிவிட்டு, அது காய்ந்ததும் முழுசாக இரண்டு கோட். கூர் ஓரத்தில் பெயிண்ட் நிற்காமல் இழுத்துக்கொள்ளும், துரு முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். பெயிண்டர் தின்னர் டப்பாவைப் பக்கத்தில் வைத்திருந்தால் நீங்களும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். நாலு லிட்டரை ஆறு லிட்டராக்கி முழு வண்டியையும் ஓட்டிவிடுவது கைப்பழக்கம், கெட்ட எண்ணம் இருக்காது, படலம் மட்டும் இருக்காது.

நேரம் முக்கியம். மார்கழி, தை காலையில் இரும்பு மேல் கண்ணுக்குத் தெரியாமல் பனி ஈரம் இருக்கும், பங்குனி மதியம் இரும்பு தோசைக்கல், பெயிண்ட் பட்டதும் கொப்புளிக்கும். மாசி மாதத்தில் காலை ஒன்பதுக்கு மேல் பதினொன்றுக்குள் வேலை செய்தால் தொல்லை இல்லை. சந்தேகம் இருந்தால் ஈரத் துணியால் ஒரு கோடு இழுங்கள், கால் மணி நேரத்துக்குள் அது காய்ந்துவிட்டால் அடிக்கலாம். ஆயுத பூஜைக்காக அடிப்பதாக இருந்தால் பத்து நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள், அடித்த கையோடு ஐப்பசி மழையில் வண்டியை இறக்கினால் எந்தக் கம்பெனிப் பெயிண்டும் நிற்காது.

இரண்டு தகடு ஒட்டின இடுக்குகளுக்குப் பெயிண்ட் போகாது. அதற்குப் பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு கேவிட்டி வேக்ஸ் ஸ்பிரே வாங்கி, அதோடு வருகிற குழாயை இடுக்கில் வைத்து, மறுபக்கம் கசிகிற வரைக்கும் அடியுங்கள். மெழுகு இறுகாமல் இளகலாகவே இருக்கும், தகடு அசைந்தாலும் கூடவே அசையும். வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால். பட்டையை ஆக்சிலோடு கட்டுகிற யூ போல்ட் மரைக்குக் கிரீஸ். மெக்கானிக் மனம் நோகாமல் இருக்க ஆயில் கேனை அங்கே மட்டும் கொடுக்கலாம், புது ஆயிலாக.

அப்புறம் லோடு. எருவும் உப்பும் ஏற்றாதே என்று சொன்னால் பிழைப்பு என்ன ஆவது, ஏற்றுங்கள். பலகை இடுக்கு வழியாகத்தான் எருத் தண்ணீர் நேராகச் சேஸி மடிப்பில் சொட்டுகிறது, அடியில் ஒரு பழைய தார்ப்பாயை விரித்து ஓரத்தை மடித்துவிட்டு ஏற்றினால் முக்கால்வாசி நின்றுவிடும். கொட்டின அன்றைக்கே கழுவிவிட வேண்டும், நாளைக்கு என்று புல் தரையில் நிறுத்தினால் கீழிருந்தும் ஈரம் ஏறும். தளம் போட்ட இடத்தில் மூக்கைக் கொஞ்சம் மேடாக வைத்து நிறுத்துங்கள், சானலில் நிற்கிற தண்ணீர் பின்னால் வடியும். மரத்தடியைத் தவிர்க்க முடியாவிட்டால் இலையைக் கூட்டுகிற வேலையைக் கிளீனரிடம் சொல்லி வையுங்கள்.

வேலையை ஆரம்பிக்கிற அன்றைக்கு அப்பாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் எந்தப் பிராக்கெட்டை மாற்றினார், சேஸியின் எந்தக் குறுக்குச் சட்டத்தில் (கிராஸ் மெம்பர்) வெல்டிங் வைத்தார், எங்கே அடிபட்டு நிமிர்த்தினார் என்பதெல்லாம் பெயிண்டுக்கு அடியில் மறைந்து கிடக்கும். சாக்பீஸை அவர் கையில் கொடுத்து அந்த இடங்களில் வட்டம் போடச் சொல்லுங்கள், சுத்தியலை அங்கேயிருந்து ஆரம்பியுங்கள்.